தோள்சீலைப் போராட்டமும் திருச்சபையின் மறுமொழியும்: ஒரு வரலாற்று மறுநோக்கு

தென் திருவிதாங்கூரில் 1822 முதல் 1859 வரை, இடையிடையே ஓய்ந்தும் மீண்டும் மூண்டும் நடைபெற்ற தோள்சீலைப் போராட்டத்தை நம் சபை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் நற்செய்தியின் வெற்றி வரலாறாகவே எடுத்துரைக்கின்றன. மிஷனெரிமார் வந்தனர்; பெண்கள் மேலாடை அணிந்தனர்; உயர்சாதியார் எதிர்த்தனர்; அரசு இறுதியில் இணங்கியது. ஞாயிறு பள்ளியிலும் சபைகளின் நூற்றாண்டு மலர்களிலும் இவ்வாறே அது நான்கு வரிகளில் அடங்கிவிடுகிறது. இவ்வரிகளில் பொய் எதுவுமில்லை. ஆயினும் அப்போராட்டத்தின் நடுவில் நின்ற பெண்களுக்கு நேர்ந்தது யாது, அதனை யார் யார் எப்பெயரிட்டு அழைத்தனர், இட்ட பெயருக்கேற்ப எத்தகைய மறுமொழி அளித்தனர் என்னும் வினாக்களை இந்நான்கு வரிகள் எழுப்புவதில்லை.

இவ்வினாக்களை இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. பணியிடத்திலும் வழியிலும் பெண்களுக்கு நேரும் துன்புறுத்தலைப் பற்றித் திருச்சபையின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இறையியற் கல்லூரிகளும் ஒரு சட்டத்தின்கீழ்ப் பதில் கூற வேண்டிய நிலையில் உள்ளன. இது புறத்தேயிருந்து நம்மீது சுமத்தப்பட்ட புதிய சுமை என்று கருதுவோர் நம்மிடையே உளர். நம் சொந்த வரலாற்றிலேயே இச்சிக்கல் முப்பத்தேழு ஆண்டுகள் நீடித்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

சந்தையும் ஊழியமும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு, அகத்தீஸ்வரம் வட்டங்களும், கேரளத்தின் நெய்யாற்றின்கரைப் பகுதியும் அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியாக இருந்தன. இங்கு வாழ்ந்த நாடார் மக்களுள் (அன்றைய ஆவணங்கள் இவர்களைச் சாணார் என்றே குறிக்கின்றன) பெரும்பாலோர் பனையேறிகள். ஆண்கள் பனையேறிப் பதநீர் இறக்கினர். அதனைக் காய்ச்சிக் கருப்புக்கட்டியாக்குவதும் சந்தைக்குச் சுமந்து சென்று விற்பதும் பெண்களின் வேலை. எனவே சந்தையும் சந்தைக்குச் செல்லும் வழியும் அப்பெண்களின் பணியிடங்கள் எனலாம். சந்தையில் அவர்கள் தாக்கப்பட்டனர் என்று பழைய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவதை நாம் வெறும் இடக்குறிப்பாகப் படித்துச் செல்கின்றோம். வீட்டினுள் இருந்திருந்தால் அவர்களுக்கு ஒன்றும் நேர்ந்திராது. ஆனால் வீட்டினுள் இருந்தால் அடுப்பெரியாது. பிழைப்பைத் தேடி வெளிவந்தே தீரவேண்டிய இடத்தில்தான் இழிவு அவர்களுக்காகக் காத்திருந்தது.

சாதியின் விதிகள் உடலின்மீதே எழுதப்பட்டிருந்தன. நம்பூதிரிப் பிராமணரிடமிருந்து நாடார் ஒருவர் 36 காலடித் தொலைவில் நிற்க வேண்டும் என்பது வழக்கம். குடை பிடித்தல், செருப்பணிதல், பொன்னகை பூணுதல், மாடிவீடு கட்டுதல், கறவைப்பசு வைத்துப் பால் கறத்தல் ஆகியவை விலக்கப்பட்டிருந்தன. பெண்கள் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் எடுத்துச் செல்லலாகாது. இடுப்புக்கு மேல் ஆடையால் மறைக்கவும் கூடாது. இவ்விதிகளைச் சாமுவேல் மற்றீர் முதலிய இலண்டன் மிஷன் சங்கத்தார் தம் நூல்களில் விரிவாகப் பதிவு செய்துள்ளனர்.

மார்பைத் திறந்து நிற்றல் என்பது அன்றைய மலையாள நாட்டில் மேலோர்க்குக் கீழோர் காட்டும் மரியாதையாகக் கருதப்பட்டது என்பதையும் ஈண்டு நினைவிற்கொள்ளல் வேண்டும். நாயர் பெண்டிரும் நம்பூதிரியின் முன்னும் அரசகுடும்பத்தார் முன்னும் மேலாடையை அகற்றினர். ஆதலின் ஆடை குறைந்திருந்தமை மட்டுமே இங்கே சிக்கலன்று. வெப்பமான கடற்கரை நாட்டில் ஆணும் பெண்ணும் மேலாடையின்றி இருத்தல் தன்னளவில் இழிவு தருவதில்லை. அணிய விரும்பியவளை அணியாதே என்று தடுத்ததும், அணிந்து வந்தவளின் ஆடையைப் பலர் முன்னிலையில் பறித்ததும், அதனால் அவளது இடம் இதுவென அவளுக்கும் காண்போர்க்கும் அறிவித்ததுமே சிக்கலாகும்.

ஆடைத்தடையோடு இணைந்தே வந்தது ஊழியம். சமஸ்தான அரசுக்கும் கோயில்களுக்கும் கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய வேலைக்கு அப்பெயர். அதிகாரி கூப்பிட்ட நேரத்தில் சென்று, சொன்ன சுமையைச் சுமந்து, கேட்ட பொருளைக் கொடுத்து நிற்க வேண்டும். கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில் (1810-1819) கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வேலையிலிருந்து விலக்களிக்கப்பட்டது. பிற ஆறு நாட்களிலும் அது தொடர்ந்தது. அடிமைப்பட்டவன் கூலியின்றிச் செய்த அவ்வேலையின் பெயரையே நாம் இன்று திருப்பணிக்கு வழங்குகின்றோம். சொல்லின் பொருள் உயர்ந்தது நல்லதே. ஆனால் ஊழியக்காரன் கூலியும் நேரமும் கேட்கலாகாது, மேலிருப்போரைப் பற்றிக் குறை சொல்லலாகாது என்னும் பழைய வாடை அச்சொல்லைவிட்டு முற்றும் நீங்கியதா என்பதில் எனக்கு ஐயமுண்டு.

ஆணைகளும் அடிகளும்

1806இல் ரிங்கல்தௌபே ஐயர் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். மைலாடியில் மகாராசன் வேதமாணிக்கம் என்பாரின் முயற்சியால் கூடிய சிறு சபையே அங்குச் சீர்திருத்தத் திருச்சபையின் தொடக்கம். 1817இல் சார்லஸ் மீட் ஐயரும், 1819இல் சார்லஸ் மால்ட் ஐயரும் வந்தபின் பணி விரிந்தது. நாடார் மக்கள் ஆயிரக்கணக்கில் சபையிற் சேர்ந்தனர். மீட் ஐயர் சில காலம் நாகர்கோவில் நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அமர்த்தப்பட்டார். சபையும் அரசும் இவ்வாறு ஒரே நாற்காலியில் அமர்ந்தது அடுத்து வந்த பகைக்கு ஒரு காரணம் என்று எண்ண இடமுண்டு.

மன்றோ திவான் பொறுப்பையும் வகித்த நாட்களில் (1811-1814) கிறிஸ்தவப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று ஆணை பிறந்தது. உயர்சாதியார் முறையிட்டனர். இதன் விளைவாக ஆணை திருத்தப்பட்டது. நாயர் பெண்டிரைப்போல் தோள்மீது சீலை அணியலாகாது. சிரியன் கிறிஸ்தவரும் மாப்பிள்ளைமாரும் அணிவதைப் போன்ற குப்பாயம் என்னும் சட்டையை அணியலாம் என்பது திருத்தத்தின் சாரம். மிஷனெரிமாரின் துணைவியர் இக்குப்பாயத்தைத் தைக்கும் முறையைப் பெண்களுக்குக் கற்பித்தனர். உடலை மறைத்தாயிற்று, உயர்சாதியின் உடையையும் தொடவில்லை என்று இருதரப்பாரும் நிறைவடைந்திருக்கக் கூடும்.

பெண்கள் நிறைவடையவில்லை. குப்பாயத்தின்மேல் அவர்கள் சீலையையும் அணிந்தனர். இந்த ஒரு செயலை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து. குளிருக்கோ நாணத்துக்கோ குப்பாயம் ஒன்றே போதும். அதற்கு மேலொரு சீலையை, அதுவும் விலக்கப்பட்ட முறையிலேயே, அடிபடுவோம் என்று தெரிந்தும் அணிந்து சந்தைக்குப் போனவள் வேறொன்றைக் கேட்டாள்.

1822இல் கல்குளம், இரணியல் பகுதிச் சந்தைகளில் பெண்கள் ஏளனம் செய்யப்பட்டனர், அடிக்கப்பட்டனர், ஆடை கிழிக்கப்பட்டனர். மீட் ஐயர் ரெசிடெண்டுக்கு எழுதினார். வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்குச் சென்றது. 1823இல் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பும் வந்தது. தீர்ப்பு ஏட்டில் இருந்தது. சந்தையில் நிலைமை மாறவில்லை. 1827இல் கலகம் மீண்டும் எழுந்து 1829 வரை நீடித்தது. இம்முறை பெண்களோடு நில்லாமல் சிற்றாலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. ஞாயிற்றுக்கிழமையிலும் ஆண்கள் ஊழியத்துக்கு இழுக்கப்பட்டனர். மீட் ஐயரின் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது.

1829 பெப்ருவரி 3ஆம் நாள் மகாராணி கௌரி பார்வதிபாய் பெயரால் அரசறிக்கை வெளியாயிற்று. அமைதியை நிலைநாட்டுவது அதன் நோக்கம். அடித்தவன் ஏன் அடித்தான் என்று அது விசாரிக்கவில்லை. மேலாடை அணிவது முறையன்று, குப்பாயமே போதும் என்று பெண்களுக்கு ஆணையிட்டது. பிற நாட்களின் ஊழியத்தை உறுதிப்படுத்தியது. ஆலயம் கட்ட அரசின் இசைவு வேண்டும் என்றது. ஒருவர் துன்புறுத்தப்பட்டதாக முறையிடும்போது, முறையிட்டவரின் நடத்தையைத் திருத்துவதன் மூலம் அமைதி காணும் இவ்வழி, அன்றைய திருவிதாங்கூர் அரசுக்கு மட்டும் உரியதன்று. இன்றும் நிருவாகக் குழுக்கள் பலவற்றில் முதலில் எழும் யோசனை, புகார் செய்த பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவதாகவே இருக்கிறது.

இக்காலத்தில் வேறொரு பணி ஓசையின்றி நடந்தது. நாகர்கோவிலில் தொடங்கப்பட்ட பெண்கள் விடுதிப்பள்ளியில் மால்ட் அம்மையார் 1820களில் பின்னல் இழை வேலையைக் கற்பித்தார். லேஸ் என்று இன்றும் அப்பகுதியில் வழங்குவது அதுவே. அப்பள்ளியில் அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுமியரும் பயின்றனர். தம் கைவேலையால் ஈட்டிய பணத்தைக் கொடுத்துச் சிலர் தம் விடுதலையை வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான் என்பதை நினைக்கும்போது இதன் பெருமை விளங்கும். அரண்மனைக்கு அனுப்பிய மனுக்களைவிட இந்த ஊசியும் நூலும் அப்பெண்களுக்கு மிகுதியாக உதவின என்று நான் துணிந்து சொல்வேன். சந்தைக்குப் போகாமலும் ஒருத்தி பிழைக்கலாம் என்னும் நிலையை அவை உண்டாக்கின. வேறு பிழைப்பு இல்லாதவளை மிரட்டுவது போல, பிழைப்பை மாற்றிக்கொள்ளக் கூடியவளை மிரட்டுவது எளிதன்று.

அதே காலத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809-1851) தம்மை நாடிவந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். திருச்சபையின் எல்லைக்கு வெளியே, அதனோடு முரண்பட்டும், அதே மதிப்பைத் தேடிய இயக்கம் அது. மானவுணர்வைத் தந்தவர்கள் நாம் மட்டுமே என்னும் எண்ணத்தை இச்செய்தி சற்றே தணிக்கும்.

1859

1858 நவம்பரில் விக்டோரியா அரசியாரின் பேரறிக்கை வெளியாயிற்று. சமய விவகாரங்களில் தலையிடோம் என்னும் அதன் வாசகத்தை ஒவ்வொரு தரப்பும் தனக்கேற்பப் பொருள் கொண்டது. மிஷனெரிமாருக்கு இனி ஆங்கில அரசின் ஆதரவு இராது என்று உயர்சாதியாருள் பலர் கருதினர். அவ்வாண்டின் கடைசி மாதங்களிலும் 1859 சனவரியிலும் நெய்யாற்றின்கரை தொடங்கி நாகர்கோவில் வட்டாரம் வரை கலகம் பரவியது. மீண்டும் சந்தையில் பெண்களின் மேலாடை பறிக்கப்பட்டது. வீடுகள் கொள்ளையிடப்பட்டன, ஆலயங்கள் எரிந்தன. இவற்றின் இடையே 1858 டிசம்பர் இறுதியில் திவான் மாதவராவ் வெளியிட்ட அறிவிப்பு, பழைய வழக்கத்தை மீறலாகாது என்று நாடார்களையும், சட்டத்தைக் கையிலெடுக்கலாகாது என்று உயர்சாதியாரையும் ஒரே மூச்சில் எச்சரித்தது. அடிப்பவனையும் அடிபடுபவளையும் ஒரே தட்டில் நிறுத்தும் நடுநிலை அது.

மாதவராவ் திறமையற்றவருமல்லர், கொடியவருமல்லர். பிற்காலத்தில் இந்தூரிலும் பரோடாவிலும் திவானாகப் பணியாற்றிப் புகழ்பெற்றவர். அத்தகைய ஒருவருக்கே அது துன்புறுத்தலாகத் தோன்றாமல் ஒழுங்குச் சிக்கலாகத் தோன்றிற்று. ரெசிடெண்டாயிருந்த ஜெனரல் கல்லனும் மிஷனெரிமாரிடம் பரிவு காட்டவில்லை. மனுக்கள் சென்னைக்குச் சென்றன. ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெலியன் கல்லனுக்குக் கடுமையாக எழுதியபின்னரே நிலைமை மாறியது. 1859 சூலை 26ஆம் நாள் மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மரின் அரசறிக்கை வெளிவந்தது. நாடார் பெண்கள் யாவரும், கிறிஸ்தவராயினும் இந்துக்களாயினும், குப்பாயம் அணியலாம். அல்லது முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத்துணியால் மார்பைச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் அணியலாகாது என்பது அதன் உள்ளடக்கம்.

இவ்வறிக்கையை வெற்றி என்று கொண்டாடுகின்றோம். அதன் கடைசி வரம்பைக் கவனிக்க வேண்டும். மறைத்துக்கொள்ளும் உரிமை வந்தது, சமநிலை வரவில்லை. பிற தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்களின் துயரமோ இதில் இடம்பெறவே இல்லை. கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில் புலையப் பெண்கள், தம் சாதியின் அடையாளமாகக் கட்டாயமாய் அணிந்திருந்த கல்மாலைகளை அய்யங்காளியின் தலைமையில் அறுத்தெறிந்தது 1915இல்.

எப்பெயரிட்டு அழைப்பது?

ஒரு செயலைத் துன்புறுத்தல் என்று இனங்காண்பதே மறுமொழியின் முதற்படி. தோள்சீலைப் போராட்டத்தில் அரசு அச்செயலை வழக்கமீறலின் விளைவு என்றது. மிஷனெரிமார் அதனை நாணத்துக்கு நேர்ந்த இழுக்கு என்றனர். தம் மனுக்களில் அவர்கள் வற்புறுத்தியது பெண்மையின் அடக்கத்தையும் கிறிஸ்தவ ஒழுக்கத்தையுமே ஆகும். இதனால் உடனடிப் பயன் விளைந்தது; ஆங்கில அதிகாரிகளுக்கு விளங்கிய மொழி அது. ஆனால் நாணம் என்னும் மொழியில் வாதாடியவர்களுக்கு நாணத்தைக் காக்கும் அளவுக்கே தீர்வு கிடைத்தது. குப்பாயம் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன வேண்டும் என்று அரசு கேட்டபோது அம்மொழியில் அதற்கு விடையில்லை. விடை பெண்களின் தோளில் கிடந்த சீலையில் இருந்தது. எங்களை நீங்கள் அவமதிப்பதற்கு எங்கள் உடை காரணமன்று, உங்கள் மேன்மையைக் காட்ட எங்கள் உடல் உங்களுக்குத் தேவைப்படுகிறது என்பதை அவர்கள் கண்டிருந்தனர். எழுதப்படிக்கத் தெரியாத பனையேறிக் குடும்பத்துப் பெண்களின் இந்தத் தெளிவு, அவர்களுக்காகப் பரிந்து பேசிய இறையியலாளர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

மிஷனெரிமாரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவர்கள் இல்லையேல் அம்முறையீடு சென்னைக்கு எட்டியிராது. ஆயினும் மிஷன் தன் சொந்த வீட்டில் எத்துணைத் தொலைவு சென்றது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சுட்டலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த மீட் ஐயர், 1850களின் தொடக்கத்தில், பறையர் வழிவந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ஒருவரை மறுமணம் செய்தார். அதனால் அவர் மிஷன் சங்கத்தைவிட்டு விலக நேர்ந்தது. சந்தையில் சாதியை எதிர்த்தவர்கள் தம் உணவு மேசையில் அதற்கு ஓர் இருக்கை வைத்திருந்தனர்.

திருமறையை நோக்கினால், இச்சிக்கலை நாணத்தின் மொழியில் பேசாத ஒரு பகுதி ரூத்தின் வரலாற்றில் உள்ளது. ரூத் அயல்நாட்டாள், கைம்பெண், கதிர் பொறுக்கிப் பிழைக்க வந்தவள். பிறர் வயலில் கூலியாட்களிடையே அவளுக்கு என்ன நேரக்கூடும் என்பதை நகோமி அறிந்திருந்தாள், போவாசும் அறிந்திருந்தான். இரண்டாம் அதிகாரத்தில் போவாஸ் அவளுக்கு அடக்கத்தைப் போதிப்பதில்லை, வீட்டில் இருக்கும்படி சொல்வதுமில்லை. தன் வேலைக்காரரை நோக்கி அவளைத் தொடவும் இழிவாகப் பேசவும் கூடாதெனக் கட்டளையிடுகிறான். வேலையாட்களுக்கென வைத்த தண்ணீரைக் குடிக்க அவளுக்கு உரிமை தருகிறான். வயலுக்குரியவன் என்னும் முறையில் பொறுப்பு தன்னுடையது என்று அவன் ஏற்றுக்கொண்டது நோக்கற்பாலது. இப்பகுதியை நாம் திருமண ஆராதனைக்கே ஒதுக்கிவிட்டோம். யோசேப்பின் வரலாற்றிலும் (ஆதியாகமம் 39) கற்பின் உறுதியையே பிரசங்கிக்கின்றோம். எசமானனின் மனைவி நாள்தோறும் வற்புறுத்தியதையும், இணங்காதபோது அவனுடைய ஆடையையே பொய்ச்சான்றாக்கியதையும், விசாரணையின்றி அவன் சிறை சென்றதையும் வேலையிடத்தில் நடந்த கொடுமையாக எடுத்துரைக்கும் பிரசங்கத்தை நான் கேட்டதில்லை.

நாணத்திலிருந்து உரிமைக்கு

அரசறிக்கை வெளியான அடுத்த ஆண்டு, 1860இல், இந்தியத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 354ஆம் பிரிவு, பெண்ணின் நாணத்தைக் குலைக்கும் நோக்கத்தோடு செய்யும் தாக்குதலைக் குற்றமாக்கியது. மீட், மால்ட் காலத்து மொழி சட்டத்தின் மொழியாகவும் நிலைபெற்றது. குற்றம் அளக்கப்பட்டது பெண்ணின் நாணத்தைக் கொண்டு. எனவே அவளிடம் நாணம் இருந்ததா என்பதே நீதிமன்றங்களில் பன்முறை விசாரணைப் பொருளாயிற்று.

இதனை மாற்றிய வழக்கும் உழைக்கும் பெண்ணொருவரின் துன்பத்திலிருந்தே பிறந்தது. ராஜஸ்தான் அரசின் பெண்கள் வளர்ச்சித் திட்டத்தில் சாத்தின் என்னும் கிராமப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, குழந்தை மணம் ஒன்றைத் தடுக்க முயன்றார். அது அவர் செய்யவேண்டிய வேலை. அதற்குப் பழியாக 1992 செப்டம்பரில் உயர்சாதி ஆண்கள் சிலரால் கூட்டாக வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டதாக அவர் முறையிட்டார். 1995இல் கீழ்நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை அக்குற்றத்திலிருந்து விடுவித்தது. உயர்சாதியார் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தீண்டியிருக்கமாட்டார் என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது நாடெங்கும் அதிர்ச்சி தந்தது. தீண்டாமையே குற்றமின்மைக்குச் சான்றாயிற்று! விசாகா முதலிய பெண்கள் அமைப்புகள் உச்சநீதிமன்றத்தை அணுகின. 1997 ஆகஸ்டு 13ஆம் நாள் தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா, நீதிபதிகள் சுஜாதா மனோகர், பி.என். கிர்பால் ஆகியோர் அளித்த தீர்ப்பு, பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல் என்பது சமத்துவத்துக்கும் வாழ்வுக்கும் தொழில் செய்வதற்கும் உரிய அடிப்படை உரிமைகளின் மீறல் என்று கூறியது. தோளில் சீலையோடு சந்தைக்குப் போனவள் கேட்டது 138 ஆண்டுகளுக்குப்பின் நீதிமன்ற மொழியாயிற்று.

தமிழ்நாட்டில் இதனையொட்டி ஒரு சொல்லும் மாறியது. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் தெருவில் இளைஞர்களின் வன்செயலால் உயிரிழந்தபின் இயற்றப்பட்ட சட்டத்துக்கு முதலில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் என்று பெயர். ஏவாளைச் சீண்டுதல் என்பது சொற்பொருள். உயிரைப் பறித்த செயலுக்கு விளையாட்டுப் பெயர். அதிலும் நம் ஆதித்தாயின் பெயர், அவளே தூண்டியவள் என்னும் பழைய விளக்கவுரையின் நிழலோடு. 2002இல் அச்சொல் நீக்கப்பட்டுப் பெண்களைத் துன்புறுத்தல் என்று திருத்தப்பட்டது. இறையியல் மாணாக்கர் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தைப் பயிலும் வகுப்பில் இச்சட்டத் திருத்தத்தையும் குறித்துக்கொள்ளலாம்.

2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் நிறைவேறி அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. விரும்பத்தகாத தொடுகை, பாலியல் இணக்கம் கோருதல், பாலியல் சாயலுள்ள பேச்சு, ஆபாசப் படம் காட்டுதல், சொல்லாலோ சைகையாலோ செய்யும் இத்தகைய பிற செயல்கள் யாவும் அதில் அடங்கும். வேலையில் சலுகை தருவதாகச் சொல்வதும், வேலைக்குத் தீங்கு நேருமென மிரட்டுவதும், இணங்காதவள் பணியாற்ற இயலாதபடி பகைச்சூழலை உண்டாக்குவதும் இதனோடு இணைத்து நோக்கப்படும். செய்தவனின் நோக்கம் தூய்மையானது என்பது இங்கே அளவுகோலன்று. அவளுக்கு அது விருப்பமானதா என்பதே அளவுகோல். ஆயர் என்னைத் தகப்பன் உரிமையில் தோளில் தட்டினார் என்று பிறர் விளக்கம் கூறுவதும் இதனால் பயனற்றதாகிறது. வேலையின் பொருட்டுச் செல்லும் இடங்களும், நிறுவனம் தரும் ஊர்தியும் பணியிடமே. சந்தைக்குப் போகும் வழிக்கு ஒருவாறு சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. 2024 சூலை முதல் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதாவில் பாலியல் துன்புறுத்தல் 75ஆம் பிரிவில் உள்ளது. நாணம் என்னும் பழைய சொல் அதன் 74ஆம் பிரிவில் இன்னும் இருக்கிறது.

பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் நிறுவனம் ஒவ்வொன்றிலும் உள்ளகக் குழு அமைதல் வேண்டும். மூத்த பெண் பணியாளரே தலைவர். பாதிக்குக் குறையாதோர் பெண்கள். ஒருவர் நிறுவனத்துக்கு வெளியேயிருந்து வருபவர். நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் அளிக்கலாம். தக்க காரணமிருப்பின் குழு மேலும் மூன்று மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாட்களில் முடிதல் வேண்டும். பத்துப்பேருக்குக் குறைவான இடங்களுக்கும் வீட்டு வேலை செய்வோர்க்கும் மாவட்டத்தில் தனிக்குழு உண்டு. சிறு சபைகளின் அலுவலகத்தில் பணிபுரியும் பெண்ணும், ஆயர் இல்லத்தில் பாத்திரம் துலக்கும் பெண்ணும் அங்கே செல்லலாம்.

இவ்விதிகளுள் வெளியார் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பதைத்தான் நம் நிறுவனங்கள் பெரிதும் வெறுக்கின்றன. சபைக்குள் தீர்க்கவேண்டியதை வெளியார் முன் கொண்டுபோவதா என்று மத்தேயு 18ஆம் அதிகாரத்தையும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தையும் எடுத்துக்காட்டுவர். 1823இல் பத்மநாபபுரத்துக்கும் 1859இல் சென்னைக்கும் மனு அனுப்பிய சபையின் வழித்தோன்றல்கள் இவ்வாறு பேசுவது வியப்பே. அன்று துன்புறுத்தியவர் வெளியார், இன்று நம்மவர். வேறுபாடு இவ்வளவே. மேலும் மத்தேயு கூறும் முறை, சகோதரன் சகோதரனிடம் தனித்துப் பேசுவது. சம்பளத்துக்கும் குருப்பட்ட சிபாரிசுக்கும் கையொப்பமிடும் அதிகாரியிடம் பயிற்சி மாணவி தனித்துச் சென்று குற்றத்தை உணர்த்துவது அதுவாகாது. சமரசம் புகார் செய்தவள் கேட்டால் மட்டுமே, அதுவும் பணம் பெறுவதை அடிப்படையாகக் கொள்ளாமல் நடைபெறலாம் என்று சட்டம் வரையறுப்பது இவ்வகையில் மத்தேயுவுக்கு நெருக்கமானது என்று கருதுகிறேன்.

வரலாற்றை நினைவிற்கொள்வதும் எளிதாக இல்லை. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில் சாதியும் உடையும் பற்றிய பகுதியில் தோள்சீலைப் போராட்டம் இடம்பெற்றிருந்தது. எதிர்ப்புகள் எழவே, 2016இல் அப்பகுதியைத் தேர்வுக்குரிய பாடத்திலிருந்து வாரியம் நீக்கியது. நம் நூல்களிலும் மன்றோ, மீட், மால்ட், கல்லன், மாதவராவ், டிரெவெலியன் என ஆண்களின் பெயர்களே வரிசையாக நிற்கின்றன. சந்தையில் ஆடை பறிக்கப்பட்டவர்கள் பெண்கள் என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டனர். அன்று அவர்களின் பெயரை எழுதி வைக்க வேண்டுமென எவருக்கும் தோன்றவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, புகார் செய்தவளின் பெயரை வெளியிடலாகாது. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றத்தின் விளைவுகளையும் உள்ளகக் குழு அமைத்த ஆணையையும் யாவரும் காணும் இடத்தில் ஒட்டி வைத்தல் வேண்டும். குழு அமைக்காத நிறுவனத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். கல்லூரி அறிவிப்புப் பலகையில் சிற்றாலய ஆராதனை முறைப்பட்டியலுக்கு அருகே அவ்வாணை இருக்கின்றதா என்பதை வாசகர் சென்று பார்க்கலாம்.